காடும் கையொப்பமும்

சுரினாம் என்று இணையத்தில் தேடினால் இரண்டு படங்கள் மாறி மாறி வரும். முதலாவது, தலைநகர் பரமாரிபோவின் கெய்சர் தெருவில் எடுத்தது. யூதர்களின் ஜெப ஆலயமும் முஸ்லிம்களின் மசூதியும் பக்கத்துப் பக்கத்து மனைகளில் நிற்கும். வெள்ளையடித்த ஜெப ஆலயத்துக்கு அந்தப் பக்கம் மசூதியின் மினார்கள் எட்டிப் பார்க்கும். இரண்டாவது படம், காடு. விமானத்திலிருந்து எடுத்த, எல்லையே தெரியாத பச்சை. நாட்டின் பரப்பில் சுமார் 93 சதவீதம் காடு, உலகிலேயே அதிக விகிதத்தில் காடு உள்ள நாடு என்று படத்துக்குக் கீழே எழுதியிருப்பார்கள்.

இரண்டு படமும் பொய்யில்லை. ஆனால் சுற்றுலாத் திட்டங்களில் இவை இரண்டு தனித்தனிச் சரக்குகள். இரண்டு நாள் நகரம், மூன்று நாள் காடு. நகரத்தில் 'பல இன மக்களின் நல்லிணக்கம்', காட்டில் 'மனிதக் கை படாத இயற்கை'. இரண்டையும் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம்.

நான் சொல்ல வருவது என்னன்னா, இந்த இரண்டும் ஒரே கதை. நகரத்தில் இத்தனை இனங்கள் ஏன் இருக்கின்றன, காட்டுக்குள் ஆப்பிரிக்க வம்சாவளிக் கிராமங்கள் ஏன் இருக்கின்றன என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான்: கரும்புத் தோட்டம். அந்தக் கதையை சுரினாம் ஆற்றின் வழியே, கடலிலிருந்து உள்நாடு நோக்கிப் போகிற வரிசையிலேயே சொல்லலாம். பயணிகள் போகும் பாதையும் அதுதான்.

பரமாரிபோ

தென் அமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்தில், ஒரு பக்கம் கயானா, மறுபக்கம் பிரெஞ்சு கயானா, தெற்கே பிரேசில் என்று சூழ இருக்கும் சின்ன நாடு சுரினாம். சின்னது என்பது தென் அமெரிக்கக் கணக்கில்தான். பரப்பு 1,63,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது தமிழ்நாட்டைவிடப் பெரியது. மக்கள்தொகை ஆறு லட்சத்தைச் சுற்றி. அதில் பெரும்பாலோர் கடற்கரை ஓரத்தில் வாழ்கிறார்கள்.

1650களின் தொடக்கத்தில் பார்படோஸிலிருந்து வந்த ஆங்கிலேயர்கள் இங்கே தோட்டங்கள் போட்டார்கள். 1667இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். அதே ஆண்டு பிரேடா நகரில் கையெழுத்தான சமாதான உடன்படிக்கையில், யார் எதைப் பிடித்திருக்கிறார்களோ அதை அவர்களே வைத்துக்கொள்வது என்று முடிவானது. டச்சுக்காரர்களுக்கு சுரினாம், ஆங்கிலேயர்களுக்கு நியூ ஆம்ஸ்டர்டாம். அந்த நியூ ஆம்ஸ்டர்டாம்தான் இன்றைய நியூயார்க். 'மன்ஹாட்டனைக் கொடுத்து வாங்கிய நாடு' என்று வழிகாட்டிகள் சிரித்துக்கொண்டே சொல்லும் கதைக்கு அடிப்படை இதுதான். கரும்பு விளையும் நிலத்தை வைத்துக்கொண்டவர்கள் தாங்கள் ஏமாந்ததாக அன்று நினைக்கவில்லை.

ஆங்கிலேயர்கள் இருந்தது பதினேழு ஆண்டுகளுக்கும் குறைவு. ஆனால் தெருவில் இன்றும் எல்லோரும் பேசும் ஸ்ரானன் டோங்கோ மொழியின் அடித்தளச் சொற்கள் பலவும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. 'எப்படிப் போகுது?' என்று கேட்க 'ஃபா வாகா?' என்பார்கள். 'வாகா' என்பது ஆங்கில 'வாக்'. ஆங்கிலேயத் தோட்டங்களில் வேலை செய்த ஆப்பிரிக்கர்கள் உருவாக்கிய மொழி, பின்னால் வந்த டச்சு ஆட்சியைத் தாண்டி நின்றுவிட்டது. எங்கள் துறையில் 'லெகசி கோட்' என்று ஒன்று உண்டு. எழுதியவர் வேலையை விட்டுப் போய் வருஷக்கணக்காகியிருக்கும், ஆனால் மொத்த சிஸ்டமும் அதன் மேல்தான் ஓடும். ஸ்ரானன் அப்படி ஒன்று. ஆட்சி மொழி டச்சு. ஊர் ஓடுவது ஸ்ரானனில்.

பரமாரிபோவில் சாப்பிடப் போனால் வரலாறு தட்டிலேயே வந்துவிடும். ஒரு கடையில் ரொட்டியும் உருளைக்கிழங்குக் குழம்பும், அடுத்த கடையில் ஜாவாவின் சாவோத்தோ சூப், அதற்கடுத்து சீன நூடுல்ஸ், வீட்டு விசேஷமென்றால் கிழங்கைத் துருவி அடுப்பில் சுட்ட 'போம்'. 2012 கணக்கெடுப்பின்படி இந்திய வம்சாவளியினர் 27 சதவீதம், காட்டு மரூன்கள் ஏறக்குறைய 22, க்ரியோல்கள் 16, ஜாவாக்காரர்கள் 14, கலப்பினத்தவர் 13. எந்த இனமும் பெரும்பான்மை இல்லை.

இந்த எண்களைப் பார்த்ததும் 'எவ்வளவு அழகான கலவை' என்று தோன்றும். ஆனால் இது தானாகக் கலந்த கலவை இல்லை. இதற்குப் பின்னால் கப்பல் கணக்கு இருக்கிறது.

கப்பல் கணக்கு

டச்சு ஆட்சிக் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடிமைகளாக சுரினாமுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1863 ஜூலை 1 அன்று அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது விடுவிக்கப்பட்டவர்கள் சுமார் 35,000 பேர்தான். சிலர் அதற்கு முன்பே விடுதலை பெற்றிருந்தார்கள், சிலர் காட்டுக்குள் தப்பியிருந்தார்கள். அதையெல்லாம் கூட்டினாலும் கணக்கு நேராகாது. இடையில் இருக்கும் வித்தியாசம் சாவு. தோட்டங்களில் பிறப்பைவிட இறப்பு அதிகமாக இருந்தது. ஆள் குறையக் குறைய அடுத்த கப்பல் வந்தது.

விடுதலையின்போது ஒவ்வொரு அடிமைக்கும் 300 கில்டர் நஷ்டஈடு தரப்பட்டது, தோட்ட முதலாளிக்கு. விடுதலையானவர்களுக்குக் கிடைத்தது இன்னும் பத்து ஆண்டுகள் 'அரசு மேற்பார்வை', அதாவது ஒப்பந்தம் போட்டுக் கூலிக்கு வேலை செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம். அந்தப் பத்து ஆண்டு 1873இல் முடிந்தது. அதே 1873 ஜூன் மாதம், கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட 'லல்லா ரூக்' என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளோடு பரமாரிபோ வந்து சேர்ந்தது. தேதிகள் இவ்வளவு பொருந்தி வருவது தற்செயல் இல்லை. டச்சு அரசு இதற்காகவே பிரிட்டனோடு 1870இல் உடன்படிக்கை செய்திருந்தது.

1916 வரை இந்தியாவிலிருந்து வந்தவர்கள் 34,000க்கும் மேல். 1890இலிருந்து 1939 வரை ஜாவாவிலிருந்து வந்தவர்கள் ஏறக்குறைய 33,000.

தமிழர்கள் இங்கே உண்டா என்று நம்மில் யாருக்கும் கேட்கத் தோன்றும். பக்கத்து நாடான கயானாவுக்கும், பிரெஞ்சுத் தீவுகளான மார்டினிக், குவாதலூப்புக்கும் சென்னையிலிருந்தும் புதுச்சேரி, காரைக்காலிலிருந்தும் கப்பல்கள் போயின. அங்கே மாரியம்மன் வழிபாடு இன்றும் இருக்கிறது. சுரினாமுக்கு ஆள் எடுத்தது கல்கத்தா வழியாக. அதனால் இங்கே வந்தது போஜ்புரியும் அவதியும். அவை கலந்து 'சர்னாமி' என்ற புதிய மொழியானது. எந்தத் துறைமுகத்தில் ஏஜென்ட் உட்கார்ந்திருந்தான் என்பதுதான் ஒரு நாட்டின் மொழியையும் சாமியையும் தீர்மானித்திருக்கிறது.

பரமாரிபோவுக்கு எதிர்க்கரையில், கொம்மவெய்னே மாவட்டத்தில் மரியன்பர்க் என்ற பாழடைந்த சர்க்கரை ஆலை இருக்கிறது. துருப்பிடித்த இயந்திரங்களைப் படமெடுக்கப் பயணிகள் சைக்கிளில் வருவார்கள். 1902 ஜூலையில் கூலிக் குறைப்பை எதிர்த்து அங்கே இந்தியத் தொழிலாளர்கள் கலகம் செய்தார்கள், ஆலை மேலாளர் கொல்லப்பட்டார். மறுநாள் ராணுவம் சுட்டதில் குறைந்தது 17 பேர் இறந்தார்கள். உடல்களை ஒரே குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். ஜாவாவிலிருந்து பார்த்தால் மெக்கா மேற்கே இருக்கிறது. சுரினாமிலிருந்து பார்த்தால் கிழக்கே. வந்த தலைமுறை பழக்கப்படி மேற்கு நோக்கியே தொழுதது. பிறகு திசையை மாற்ற வேண்டும் என்று ஒரு சாரார் சொல்ல, சமூகமே 'மேற்குத் தொழுகைக்காரர்கள்', 'கிழக்குத் தொழுகைக்காரர்கள்' என்று பிரிந்தது. வரைபடப்படி யார் சரி என்பது ஒரு நிமிஷ வேலை. ஆனால் ஜாவாவில் தாத்தா எந்தப் பக்கம் குனிந்தாரோ அந்தப் பக்கமே குனிவேன் என்பவரின் நியாயம் வரைபடத்தில் இல்லை.

இந்த இனங்களை ஒரே வரிசையில் நிற்க வைக்க முயன்ற ஒருவர் உண்டு, அன்டன் டி கோம். அடிமையாகப் பிறந்தவரின் மகன். 1933இல் பரமாரிபோவில் தன் பெற்றோர் வீட்டு முற்றத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, வருபவர்களின் குறைகளைக் கேட்டு எழுதத் தொடங்கினார். க்ரியோல்கள் மட்டுமல்ல, ஜாவாக்காரர்களும் இந்தியர்களும் வரிசையில் நின்றார்கள். அரசு அவரைக் கைது செய்தது. விடுதலை கேட்டுக் கூடிய கூட்டத்தைச் சுட்டதில் இருவர் இறந்தனர். விசாரணையே இல்லாமல் நெதர்லாந்துக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே 1934இல் 'நாங்கள், சுரினாமின் அடிமைகள்' என்ற நூலை வெளியிட்டார். போர்க் காலத்தில் நாஜிகளுக்கு எதிரான தலைமறைவு இயக்கத்தில் சேர்ந்து, 1945இல் ஜெர்மன் முகாம் ஒன்றில் இறந்தார். இன்று நாட்டின் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர். நல்லிணக்கம் என்று நாம் படமெடுக்கும் விஷயத்தை ஒரு காலத்தில் காலனி அரசு ஆபத்து என்று நினைத்துச் சுட்டது என்பதை அந்தப் பெயர்ப்பலகை சொல்லாது.

யோதன்சவன்னே

ஆற்றோடு தெற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டர் போனால் யோதன்சவன்னே. 'யூதர்களின் சவன்னா' என்று பொருள். ஸ்பெயின், போர்ச்சுகலின் மத விசாரணைக்குத் தப்பி, பல நாடுகள் சுற்றி வந்த யூதர்கள் இங்கே குடியேறி, 1685இல் செங்கல்லில் ஒரு ஜெப ஆலயம் கட்டினார்கள். ஐரோப்பாவில் எங்கும் கிடைக்காத உரிமைகள் அவர்களுக்கு இந்தக் காட்டோரத்தில் கிடைத்தன. ஆலயத்தின் அடித்தளமும் ஹீப்ரு எழுத்துகள் செதுக்கிய கல்லறைகளும் இன்றும் இருக்கின்றன. 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இங்கேதான் மனசு கொஞ்சம் தடுமாறுகிறது. துரத்தப்பட்டவர்கள் சுதந்திரமாக வாழ்ந்த இந்த ஊரைச் சுற்றி இருந்தவை அவர்களுடைய கரும்புத் தோட்டங்கள். அவற்றில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். அந்தத் தோட்டங்களிலிருந்து ஓடி, ஆற்றின் மேற்பகுதிக் காட்டுக்குள் போனவர்களின் சந்ததிதான் இன்றைய சாமாக்கா மக்கள். அவர்கள் மொழியில் போர்ச்சுகீசியச் சொற்கள் நிறைய. குலப் பெயர்களில்கூடத் தோட்ட முதலாளிகள் இருக்கிறார்கள். மச்சாடோ என்பவரின் தோட்டத்திலிருந்து ஓடியவர்கள் 'மாத்யாவ்' குலம். நாசி குடும்பத் தோட்டத்திலிருந்து ஓடியவர்கள் 'நாசி' குலம்.

இப்படி ஓடிப்போனவர்களை மரூன்கள் என்பார்கள். சுரினாமில் ஆறு மரூன் மக்கள் உண்டு. சாமாக்காவும் ந்யூக்காவும் பெரியவை. காடு அவர்களுக்கு அழகிய காட்சி அல்ல, அரண். அதே காடு பிடிக்க வந்த படைகளுக்குச் சதுப்பும் காய்ச்சலும் வழி தெரியாத ஆறுகளும்.

காட்டுக்குள் போய் என்ன சாப்பிட்டார்கள்? நெல். ஓடும் முன் பெண்கள் நெல்மணிகளைத் தலைமுடிப் பின்னலுக்குள் மறைத்துக் கொண்டுபோனார்கள் என்று மரூன்கள் சொல்கிறார்கள். பான்சா என்ற மூதாட்டியின் கதை சாமாக்காவில் பிரசித்தம். இன்றும் சில நெல் வகைகளுக்கு அப்படிப்பட்ட பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. இது கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. மரூன்கள் பயிரிடும் ஆப்பிரிக்கக் கறுப்பு நெல்லின் மரபணுவை ஆராய்ந்தபோது, அது மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் பகுதி நெல்லோடு நெருக்கமாகப் பொருந்தியது. பாட்டி சொன்னதைக் கடைசியில் ஆய்வகமும் கேட்டுக்கொண்டது.

சாமாக்கா பெரியவர்கள் அந்த முதல் காலத்தை 'ஃபெசிதென்' என்கிறார்கள். விடியற்காலை, சேவல் கூவும் நேரத்தில், தாத்தா பேரனிடம் துண்டு துண்டாகச் சொல்வது. முழுவதையும் ஒரே ஆளிடம் சொல்லமாட்டார்கள். அது ஆபத்தான அறிவு. மானுடவியலாளர் ரிச்சர்ட் பிரைஸ் பல ஆண்டுகள் அவர்களோடு இருந்து அதைச் சேகரித்து 1983இல் நூலாக்கினார். பெரியவர்கள் நினைவில் வைத்திருந்த பெயர்களும் சண்டைகளும் டச்சு ஆவணங்களோடு எத்தனையோ இடங்களில் பொருந்துகின்றன.

பேப்பரும் ரத்தமும்

மரூன்கள் தோட்டங்களைத் தாக்கினார்கள். காலனி படை அனுப்பியது. பல பத்தாண்டுகள் இப்படியே போனது. படையனுப்பும் செலவு கட்டுப்படியாகாமல் போகவே, காலனி பேச்சுக்கு வந்தது. சாமாக்காவோடு 1749இல் ஒரு சமாதானம் ஏற்பட்டது. வாக்களித்த பரிசுப் பொருட்கள் வந்து சேராததால் அது முறிந்தது. கடைசியில் ந்யூக்காவோடு 1760 அக்டோபர் 10 அன்றும், சாமாக்காவோடு 1762இலும், மத்தாவாய் மக்களோடு 1767இலும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின.

ந்யூக்கா பேச்சுவார்த்தைக்குப் பின்னால் பாஸ்டன் என்றொருவர் இருந்தார். ஜமைக்காவில் அடிமையாக இருந்தபோது எழுதப் படிக்கக் கற்றவர். தாக்கிய தோட்டங்களில் வெள்ளையர்களுக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார். ஜமைக்காவில் ஆங்கிலேயர்கள் 1739இலேயே மரூன்களோடு ஒப்பந்தம் செய்திருந்தார்கள். அது போல இங்கேயும் செய்யலாமே என்பது அவர் யோசனை. ஒரு காலனியின் முன்னுதாரணத்தை இன்னொரு காலனிக்குக் கொண்டுவந்தவர் ஓர் ஓடிப்போன அடிமை.

வெள்ளையர்கள் பேப்பரில் கையெழுத்துப் போட்டார்கள். அது போதாது என்றார்கள் மரூன்கள். தங்கள் முறைப்படி ரத்தம் கலந்து குடித்துச் சத்தியம் செய்ய வைத்தார்கள். ஒப்பந்தத்தின் சாரம் இதுதான்: நீங்கள் சுதந்திர மனிதர்கள், தோட்டங்களைத் தாக்கக் கூடாது, குறிப்பிட்ட கால இடைவெளியில் துப்பாக்கி, வெடிமருந்து, துணி, பாத்திரம் எல்லாம் தருவோம். கூடவே ஒரு ஷரத்து: இனி தோட்டத்திலிருந்து ஓடிவரும் புதிய அடிமைகளைப் பிடித்து எங்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்துக்கும் பிரெஞ்சுப் புரட்சிக்கும் முன்பே, ஓர் ஐரோப்பிய அரசைக் கையெழுத்துப் போட வைத்து வாங்கிய சுதந்திரம் இது. ஆனால் அந்தக் கடைசி ஷரத்து? முன்னால் ஓடியவர்களின் சுதந்திரத்துக்குப் பின்னால் ஓடப்போகிறவர்கள் விலை. ஷரத்தை மரூன்கள் எப்போதும் அப்படியே கடைப்பிடிக்கவில்லை. சிலரைத் திருப்பிக் கொடுத்தார்கள், சிலரை மறைத்து வைத்துத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். ஆனாலும் அது காகிதத்தில் இருந்தது. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, யாரும் எதிர்பாராத ஓரிடத்தில் அது திரும்ப வரும்.

அஃபோபாக்கா

பரமாரிபோவிலிருந்து தெற்கே சுமார் நூறு கிலோமீட்டரில் ஓர் ஏரி. நீரிலிருந்து ஆயிரக்கணக்கான பட்ட மரங்கள் கம்பங்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும். மாலை வெயிலில் பார்க்க அபாரமாக இருக்கும் என்று பயணிகளுக்குச் சிபாரிசு செய்யப்படும் இடம். மேலே பிரவுன்ஸ்பெர்க் மலைப் பூங்காவிலிருந்து பார்த்தால் கடல் மாதிரி தெரியும்.

அது ஏரி இல்லை, அணை நீர். சுரினாமின் செம்மண்ணில் பாக்சைட் நிறைய. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானங்களுக்குத் தேவைப்பட்ட அலுமினியத்தின் மூலக்கனிமத்தில் பாதிக்கும் மேல் இங்கிருந்துதான் போனது. பாக்சைட்டை அலுமினியமாக்க ஏராளமான மின்சாரம் வேண்டும். 1958இல் சுரினாம் அரசும் அமெரிக்க அலுமினிய நிறுவனமான அல்கோவாவும் ப்ரோகோபொண்டோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அஃபோபாக்காவில் ஆற்றின் குறுக்கே அணை கட்டி, 1964 பிப்ரவரியில் மதகை மூடினார்கள்.

சமதளக் காட்டில் அணை கட்டினால் நீர் ஆழமாகாமல் அகலமாகும். மூழ்கிய பரப்பு சுமார் 1,500 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி போல மூன்று மடங்குக்கும் மேல். கிடைத்த மின்திறன் 189 மெகாவாட். வட சென்னை அனல்மின் நிலையத்தின் ஒரு பழைய அலகு 210 மெகாவாட். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தப் பொறியியல் மாணவனுக்கும் புரியும், இது மோசமான டிசைன். அந்த நிலத்துக்கு விலையே இல்லை என்று எடுத்துக்கொண்டால் மட்டும் கணக்கு சரியாக வரும். அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நிலத்தில் சாமாக்காக்கள் இருந்தார்கள். அவர்களுடைய பிரதேசத்தில் ஏறக்குறைய பாதி மூழ்கியது. சுமார் 6,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய மிகப் பெரிய கிராமமான கன்சே, தேவாலயத்தோடு நீருக்குள் போனது. முன்னோர் சமாதிகளும், காட்டுக்குள் ஓடிவந்த முதல் ஆட்கள் தங்கிய இடங்களும் போயின. அணையின் வடக்கே நேர்வரிசையில் போட்ட மறுகுடியேற்ற ஊர்களுக்குச் சிலர் போனார்கள், சிலர் ஏரிக்கு மேலே தெற்கே நகர்ந்தார்கள். மின்கம்பிகள் ஊர்களைத் தாண்டி பரானம் அலுமினிய ஆலைக்குப் போயின. அணைக்காக வீட்டை விட்டவர்கள் பல ஆண்டுகள் விளக்குத் திரியில் இருந்தார்கள்.

அதே நேரத்தில் ஒரு சர்வதேச விலங்குநலச் சங்கம் படகுகளோடு வந்தது. மூழ்கும் மரங்களிலிருந்து தேவாங்கு போலத் தொங்கும் ஸ்லாத்களையும் குரங்குகளையும் எறும்புதின்னிகளையும் பிடித்துக் கரை சேர்த்தது. ஏறக்குறைய 10,000 விலங்குகள். நல்ல காரியம்தான், அதைப் பற்றிப் புத்தகமும் வந்தது. அந்தப் படகுகளை ஓட்டி, மரமேறி விலங்குகளைப் பிடித்தவர்களில் பலர் வீடிழந்த சாமாக்கா ஆண்கள்.

1762 ஒப்பந்தம் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. காலனிச் சட்டப்படி பட்டா இல்லாத நிலமெல்லாம் அரசுடையது. 1975 நவம்பர் 25இல் சுரினாம் சுதந்திர நாடானது. நிலச் சட்டம் மட்டும் அப்படியே கைமாறியது.

அத்யோனி

ஏரிக்கு மேலே சாலை முடியும் இடம் அத்யோனி. இங்கிருந்து எல்லாம் படகுதான். மரத்தைக் குடைந்த நீளமான கொரியாலில் மோட்டார் பொருத்தி, பாறைகளுக்கு நடுவே வளைத்து ஓட்டுவார்கள். அரிசி மூட்டை, எரிவாயு உருளை, ஐஸ் பெட்டி, பள்ளிப் பிள்ளைகள், டச்சுச் சுற்றுலாப் பயணிகள், எல்லோரும் ஒரே படகில். கரையோரத்தில் பெண்கள் பாத்திரம் தேய்ப்பார்கள். ஊர் நுழைவில் பனையோலைத் தோரணம் கட்டியிருக்கும், கெட்டது உள்ளே வராமல் தடுக்க. மேலே அசிந்தோபோவில்தான் சாமாக்காவின் தலைமைத் தலைவரான 'காமா'வின் இருப்பிடம்.

1987இன் கடைசி நாளில் இந்த அத்யோனியில் ராணுவம் சாமாக்கா ஆண்களைப் பிடித்து அடித்தது. அப்போது பௌட்டர்சேயின் ராணுவத்துக்கும் மரூன் கெரில்லாக்களுக்கும் உள்நாட்டுப் போர். முந்தைய ஆண்டு மொய்வானா என்ற ந்யூக்கா கிராமத்தில் குறைந்தது 39 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். அத்யோனியில் பிடிபட்ட சிலரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், குழி தோண்டச் சொல்லிச் சுட்டார்கள். ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் உடனே சாகவில்லை. குண்டடியோடு கிடந்தவர் நடந்ததைச் சொல்லிவிட்டுச் சில நாளில் இறந்தார்.

வழக்கு அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. சுரினாம் பொறுப்பை ஒப்புக்கொண்டது. நஷ்டஈட்டை யாருக்கு, எப்படி என்று தீர்மானிக்கும்போது, சாமாக்காவுக்குத் தன்னாட்சி உண்டு என்பதற்கு ஆதாரமாக 1762 ஒப்பந்தம் முன்வைக்கப்பட்டது. 1993 தீர்ப்பில் நீதிபதிகள் ஒப்பந்தத்தைப் படித்தார்கள். அடிமைகளைப் பிடித்துக் கொடுப்பேன் என்ற ஷரத்து அதில் இருக்கிறது. அடிமைமுறை இன்று சர்வதேசச் சட்டத்தின் அடிப்படை விதிகளுக்கே விரோதம். ஆகவே இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை ஒரு மனித உரிமை நீதிமன்றத்தில் காட்ட முடியாது, அது செல்லாது என்றார்கள்.

சட்டப்படி சரிதான். ஆனால் யோசித்துப் பாருங்க. அந்த ஷரத்தைக் கேட்டது அடிமை வைத்திருந்தவன். கையெழுத்துப் போட்டது அடிமையாகத் திரும்பிப் போகாமலிருக்க. இரண்டு நூற்றாண்டு கழித்து அதன் விலையைக் கொடுப்பது அடிமையின் பேரன். அதே தீர்ப்பு வேறொன்றும் செய்தது: யார் மனைவி, யார் வாரிசு என்பதை நாட்டின் சட்டப்படி பார்க்காமல் சாமாக்கா வழக்கப்படி பார்த்தது. கொஜாபா கிராமத்தில் மூடிக்கிடந்த பள்ளியைத் திறக்கச் சொன்னது. ஒப்பந்தம் விழுந்தது, வழக்கம் நின்றது.

அந்த இடத்திலிருந்துதான் அடுத்த வழக்கு எழுந்தது. 1990களில் அரசு சாமாக்காவின் காட்டை வெளிநாட்டு மர நிறுவனங்களுக்கு வெட்டக் கொடுத்தது. வாசன் எட்வர்ட்ஸ், ஹ்யூகோ யபினி போன்ற சாமாக்கா தலைவர்கள் கிராமம் கிராமமாகப் போய் ஆட்களைத் திரட்டினார்கள். எது யாருடைய வேட்டைக்காடு, எந்த ஓடை எந்தக் குலத்துக்கு என்று தங்கள் நிலத்தின் வரைபடத்தைத் தாங்களே தயாரித்தார்கள். 2000இல் மனு கொடுத்தார்கள்.

2007 நவம்பர் 28 தீர்ப்பு: நிலத்தை வாழ்ந்து, பயன்படுத்தி, தங்கள் முறைப்படி பங்கிட்டு வந்ததே சாமாக்காவின் உரிமைக்கு ஆதாரம். பட்டா தேவையில்லை, பழைய ஒப்பந்தமும் தேவையில்லை. அவர்கள் இந்த மண்ணின் ஆதிக்குடிகள் அல்ல, ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி. ஆனாலும் ஆதிக்குடிகளுக்குரிய அதே பாதுகாப்பு உண்டு. பெரிய திட்டம் எதுவானாலும் முன்கூட்டியே அவர்கள் சம்மதம் வேண்டும். கூட்டு உரிமையை அங்கீகரித்து நிலத்தை அளந்து கொடுக்க அரசுக்கு உத்தரவிட்டது. 2015இல் உண்மையான ஆதிக்குடிகளான கலின்யா, லோகோனோ மக்களுக்கும் இதே நீதிமன்றம் இதே போன்ற தீர்ப்பு தந்தது.

தீர்ப்பு வந்து ஆண்டுகள் ஓடியும் அந்த அளந்து கொடுக்கும் வேலை நடக்கவில்லை. மசோதா வருகிறது, விவாதம் நடக்கிறது, தேர்தல் வருகிறது. தங்கச் சுரங்கங்களும் மர லாரிகளும் அதற்காகக் காத்திருப்பதில்லை.

93 சதவீதம்

அலுமினிய உருக்காலை 1999இலேயே மூடப்பட்டது. சுத்திகரிப்பு ஆலை 2015இல் நின்றது. 2020 தொடக்கத்தில் அணை சுரினாம் அரசின் கைக்கு வந்தது. எந்தத் தேவைக்காகக் கன்சே மூழ்கியதோ அந்தத் தேவை ஒரு மனித ஆயுளுக்குள்ளேயே தீர்ந்துவிட்டது.

இப்போது காட்டுக்குப் புது விலை வந்திருக்கிறது. வெட்டாமல் வைத்திருப்பதற்கே காசு. கார்பன் கணக்கில் வரவு வைக்கும் மிகச் சில நாடுகளில் ஒன்று என்று உலக மாநாடுகளில் சுரினாம் சொல்லிக்கொள்கிறது, சொல்ல உரிமையும் உண்டு. ஆனால் அந்த 93 சதவீதத்தில் உள்ள 'மனிதக் கை படாத' என்ற வார்த்தையில்தான் சிக்கல். கை படாத காட்டுக்கு உரிமையாளர் இருக்க முடியாது. அதனால் அரசே உரிமையாளர். பாக்சைட் காலத்தில் அந்த நிலத்துக்கு விலை இல்லை என்றார்கள், கார்பன் காலத்தில் விலை உண்டு என்கிறார்கள். இரண்டு முறையும் கணக்கை எழுதியவர்கள் அங்கே குடியிருப்பவர்கள் அல்ல.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை, போய்த்தான் பார்க்க வேண்டும். மேல் சுரினாமில் சாமாக்காக்களே நடத்தும் விடுதிகள் உண்டு, அங்கே தங்குங்கள். சோறு வந்தால் என்ன அரிசி என்று கேளுங்கள், ஒருவேளை ஒரு பெண்ணின் பெயரைச் சொல்வார்கள். ஆளைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். வேண்டாம் என்றால் கேமராவைக் கீழே வையுங்கள். அந்த நதியில் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் முன்னூறு ஆண்டுகளாகச் சண்டையிட்டும், சத்தியம் வாங்கியும், வழக்காடியும் வருகிறார்கள்.